அந்த ரோட்டில் குழி இல்லை

நோர்த்மீட், சிட்னி
11 மே 2025

ராகவி அக்கா,

உங்கள் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. சைக்கிள் கழகத்து வட்ஸப் குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள். ஹரிஸ் பார்க் இனிப்புக் கடையில் நிற்கிற லக்சிகாவிடம் கெஞ்சித்தான் இந்த மெல்பேர்ன் விலாசத்தை வாங்கினேன். "அக்கா ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம் எண்டவ," என்றாள். "நான் ஒருத்தரும் இல்லை, அவவுக்கு முன்னால சைக்கிள் ஓடி விழுந்தவன்," என்றேன். தந்துவிட்டாள்.

விழுந்தவன் என்றது ஒரு பேச்சுக்கு. நான் விழவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

தோள் எலும்பு பொருந்திவிட்டது. கை பொருந்தவில்லை. இடது முழங்கையை மடக்க முடியாது, கையைத் தூக்க முடியாது. கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்பு அறுந்திருக்கிறதாம். வேறு இடத்திலிருந்து நரம்பு எடுத்துத் தைக்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் தைக்க வேண்டும், பிந்தினால் தசை செத்துவிடும் என்றார் டொக்டர். எனக்கு இருபத்துநாலு வயது. சாப்பாடு டெலிவரி செய்து வாழ்கிறவன். ஒற்றைக் கையால் பிரேக் பிடிக்கிறவனுக்கு எந்தக் கொம்பனியும் வேலை தராது.

விசா புதுப்பிக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை. அதனால் இலவச வைத்தியத்துக்கான மெடிகெயரும் நின்றுபோயிற்று. சட்ட உதவி நிலையத்தில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறா. வாகனம் இடித்த காயமென்றால் அந்த வாகனத்தின் காப்புறுதி ஒப்பரேசனுக்குக் கொடுக்கும், தானாக விழுந்ததென்றால் இல்லை என்கிறா. அம்புலன்ஸ்காரர்களிடம் நான் என்ன சொன்னேன் என்பது எழுத்தில் இருக்கிறது. "குழிக்குள்ள சைக்கிள் சில்லு விழுந்திட்டுது." இப்போது நான் மாற்றிச் சொன்னால் காசுக்காகச் சொல்கிறேன் என்பார்கள். கண்ணால் கண்ட ஒருவர் சொல்ல வேண்டும்.

கண்டது நீங்கள் மட்டும்தான். எனக்குப் பின்னால் நீங்கள் வந்தீர்கள், மற்றவர்கள் ஓட்லி ஏற்றத்தில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மார்ச் மாதக் காலையை நான் திரும்பத் திரும்ப ஓடிப் பார்க்கிறேன். கீழே ஆற்றைக் கடக்கிற அணை, பிறகு காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிற ரோட்டு, ஈர இலை வாசம், ஒரு பறவை எங்கோ இருந்து கமெராவின் கிளிக் சத்தத்தை அப்படியே செய்து காட்டியது. "சிரிக்காத, மூச்சை மிச்சம் பிடி," என்றீர்கள். மேலே வந்ததும் காடு சட்டென்று முடிந்துவிடும். முழங்கால் உயரத்துக்குப் புதர், பாங்சியாக் காய், வெள்ளை மணல், மறைப்பே இல்லாத காற்று. அந்த வெளியில் ஓடும்போதுதான் இந்த நாட்டில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று நினைப்பேன்.

அதில்தான் எங்கள் வீட்டுக்காரர் சிறிதரன் அங்கிளின் வான் வந்தது. காசு சேர்க்கிற நம் ஓட்டத்துக்கு "வன்னிச் சிறார்களுக்காக" என்று பனர் கட்டிய வான். முன்னால் போய் நின்று வீடியோ எடுக்க அவசரம். எதிரே கார் வர இடது பக்கம் ஒடித்தார். இந்த வன்னிச் சிறுவன் புதருக்குள் கிடந்தான்.

படுத்துக்கொண்டே "வான் கண்ணாடி உடைஞ்சு போச்சோ அங்கிள்?" என்று கேட்டேனாம். நீங்கள் குனிந்து என் காதுக்குள் சொன்னீர்கள்: "நீயா குழிக்குள்ள விழுந்ததெண்டு சொல்லு. பொலிஸ் வந்தா விசாப் பேப்பர் கேப்பினம்."

சொன்னேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

கீர்த்தனன்


சன்பரி, மெல்பேர்ன்
25 மே 2025

கீர்த்தன்,

உன் கடிதத்தைக் கண்டதும் முதலில் கோபம்தான் வந்தது, லக்சிகா மீது. பிறகு வாசித்தேன். மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்தேன். இதையும் அனுப்புவேனோ தெரியாது.

கை அவ்வளவு மோசமென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகக் கேட்கவும் இல்லை. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். நீ கிடந்த கிடையிலேயே, தலை ஒரு பக்கம் தோள் ஒரு பக்கம் இழுபட்டதைப் பார்த்தே, நரம்பு போயிருக்கலாமென்று எனக்கு விளங்கியது.

ஆனால் நீ கேட்பது லேசான விசயம் இல்லை. நான் உன் நன்மைக்குத்தான் அப்படிச் சொன்னேன். பதினெட்டு வயதில், பொலிஸில் மாட்டினால் விசா போகும் என்ற அந்த நடத்தை விதிகளில் நீ கையெழுத்துப் போட்ட நாள், தேநீர்க் கடையில் அந்தத் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கினது எனக்கு ஞாபகம். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே உன் அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பா. உன்னைப் பற்றி யோசித்தேன். அங்கிளைப் பற்றியும் யோசித்தேன், மறைக்கவில்லை. அவருக்கு எழுபத்தொரு வயது. அவருடைய வீட்டுப் பின்பக்கத்தில்தான் நீயும் அம்மாவும் இருக்கிறீர்கள். வேறு யார் உங்களுக்கு அந்த வாடகைக்கு வீடு தந்திருப்பார்கள்? அந்த ஓட்டத்துக்கு நாங்கள் அனுமதி எடுக்கவில்லை. ஓட்டத் தலைவி நான். இப்போது போய், நான்தான் அவனைப் பொய் சொல்லச் சொன்னேன் என்றால், என் தொழில் பதிவு போகலாம்.

நான் இங்கே வந்தது வேலைக்காக மட்டும் இல்லை. அந்த ரோட்டுக்கு அருகில் இருக்க முடியவில்லை.

இங்கும் ஓடுகிறேன், தனியே. மசிடன் மலைக் காட்டைத் தாண்டினால் பழைய தங்கச் சுரங்க ஊர்கள். கருங்கல் பாலங்கள், கூரை போய்ப் புகைபோக்கி மட்டும் நிற்கிற வீடுகள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு செப்புத் தகடு: இன்னார் இந்தக் கப்பலில் வந்தார், இந்த வருடம் இங்கே குடியேறினார். நீ பார்த்தால் ஏதாவது குத்தலாகச் சொல்வாய்.

ஒரு வழி யோசித்தேன். கழகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து உன் ஒப்பரேசனுக்குப் பணம் திரட்டலாம். உன் பெயரில் ஒரு ஓட்டம். துஷாந்த் ஒழுங்கு செய்வான், அவனுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. யாருக்கும் பிரச்சினை வராது. நமக்குள் முடித்துக்கொள்ளலாம்.

யோசித்துச் சொல்லு.

ராகவி


நோர்த்மீட்
2 ஜூன் 2025

ராகவி அக்கா,

நமக்குள்.

இந்தச் சொல்லை நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறேன். கராஜில் சம்பளம் தராமல் விட்டவர் நமக்குள் என்றார். வேதவல்லி அன்ரியின் மகளுக்குக் கன்னத்தில் காயம் வந்தபோது கோயில் மண்டபத்தில் நாலு பேர் கூடி நமக்குள் என்றார்கள். இந்த நமக்குள் என்கிற வீட்டில் மேல்மாடி அவர்களுக்கு, பின்பக்கம் எங்களுக்கு.

என் பெயரில் ஓட்டமா? பனரில் என் படம் போடுவீர்களா? கையைத் தொங்கப் போட்டபடி நிற்கவா, அல்லது தூக்கிக் காட்ட முயற்சி பண்ணவா? சீமேந்துக் கலர் ஜேர்சி போட்டு, என் ஒரு வருடச் சம்பள விலையில் சைக்கிள் வைத்து, மலை ஏற முடியாமல் என் முதுகைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து வந்தவர்கள் எனக்காக உண்டியல் குலுக்க வேண்டாம். நான் பிச்சை கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன்.

உங்கள் செப்புத் தகட்டைப் பற்றியும் சொல்கிறேன், குத்தல் எதிர்பார்த்தீர்களே. கப்பலில் வந்தவனுக்குத் தகடு. படகில் வந்தவனுக்குக் கேஸ் நம்பர்.

அம்மாவுக்கு விசயம் தெரிந்துவிட்டது. நான் வழக்கறிஞரோடு கதைத்ததைக் கதவடியில் நின்று கேட்டிருக்கிறா. சோறு போட்டுக்கொண்டே சொன்னா: "அந்த மனுசன் எங்களை வைச்சிருக்கிறார். சந்நிதி முருகனுக்கு நேர்ந்து எனக்கு மருந்து வாங்கித் தந்தவர்."

"அம்மா, என்ர கை."

"கை ஒண்டு இருக்குத்தானே."

அக்கா, நான் அதற்குச் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்துவிட்டு, பிறகு குசினிக்குள் போய் அழுதா.

நீங்கள் தொழில் பதிவு போகும் என்கிறீர்கள். போகலாம். என் தொழில் போய்விட்டது. இரண்டையும் ஒரு தராசில் வைத்துப் பார்க்க உங்களுக்கே வெட்கம் வரவில்லையா?

அங்கிள் ஒவ்வொரு நாளும் பின்பக்கம் வந்து "எப்பிடித் தம்பி கை?" என்று கேட்கிறார். உண்மையாகக் கவலைப்பட்டுத்தான் கேட்கிறார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு லேசு.

கீர்த்தனன்


சன்பரி
16 ஜூன் 2025

கீர்த்தன்,

உன் கடிதத்தைப் பத்து நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வெட்கம் வரவில்லையா என்று கேட்டாய். வந்தது. ஆனால் வெட்கத்தால் மட்டும் நான் எதையும் செய்திருக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு இங்கத்தைய ஆட்களோடு ஒரு ஓட்டம் போனேன். கைந்தன் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பழைய ரயில் பாலங்களைக் கடந்து காட்டுக்குள் போகிற ரோட்டு. குளிர், யூக்கலிப்டஸ் பட்டை உரிந்து ரோட்டெல்லாம் கிடந்தது. முன்னால் போன ஒருவர் வளைவில் சறுக்கி விழுந்தார். ஐம்பது வயது, தச்சு வேலை செய்கிறவர். அவர் மெய்யாகவே தானாக விழுந்தவர்.

எல்லோரும் இறங்கினோம். ஒரு பெண் அவர் பக்கத்தில் குந்தி, "என்ன நடந்தது?" என்று கேட்டாள். அவர் யோசித்தார். தலை அடிபட்டிருந்ததால் நேரம் எடுத்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். யாரும் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார், பட்டையில் சில்லு வழுக்கியது என்று.

அவ்வளவுதான். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்று அழுதேன். என்ன என்று கேட்டார்கள், குளிர் என்றேன்.

நான் உன்னிடம் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை, கீர்த்தன். நீ வாய் திறக்கும் முன்பே உன் வாய்க்குள் ஒரு குழியைத் திணித்தேன். அந்த ரோட்டில் குழி இல்லை. போன வருடம்தான் புதிதாகத் தார் போட்டார்கள்.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் இங்குள்ள பொலிஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். வானின் இடது கண்ணாடி உன் வலது தோளில் தட்டி நீ இடது தோள் அடிபட விழுந்ததைப் பார்த்தேன் என்றும், பொய் சொல்லச் சொன்னது நான்தான் என்றும். சிட்னிக்கு அனுப்புவார்கள். உன் வழக்கறிஞருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். தொழில் சபைக்கு நானே எழுதப் போகிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாகப் பின்னால் வாகனச் சத்தம் கேட்டு நான் சைக்கிளை ஓரம் கட்டவில்லை.

ராகவி


நோர்த்மீட்
17 ஜூன் 2025

ராகவி அக்கா,

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதியதை மாற்றப் போவதில்லை. ஆனால் கேட்டதை மீட்டுக்கொள்கிறேன்.

அங்கிள் நேற்றுப் பின்பக்கம் வந்தார். வழமையாக வாசலில் நிற்பார், நேற்று உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். அம்மா கதிரை இழுத்துப் போட்டும் இருக்கவில்லை. தன் இடது கண்ணில் இரண்டு வருடமாகப் பார்வை மங்கல், ஒருவருக்கும் சொல்லவில்லை என்றார். "லைசன்ஸ் போனா நான் என்ன செய்யிறது தம்பி? கோயிலுக்கு ஆர் என்னை ஏத்திக்கொண்டு போறது? மகன் சிங்கப்பூரில." பிறகு அழுதார். அம்மா தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தா. என் முகத்தை அம்மா துடைத்து எத்தனை வருடம்.

அவர் போன பிறகு அம்மா என் காலடியில் இருந்துவிட்டா. "இனி ஒரு வீடு மாற என்னால ஏலாது ராசா," என்றா. முள்ளிவாய்க்காலிலிருந்து நாங்கள் மாறிய வீடுகளை எண்ண எனக்கே விரல் போதாது.

சப்பாத்து நாடாவை ஒற்றைக் கையால் கட்டப் பழகிவிட்டேன். பல்லும் உதவி செய்கிறது. ரிஃபாஸ், என்னோடு டெலிவரி ஓடினவன், தன் மாமாவின் கடையில் பில் அடிக்கிற வேலை கேட்டுத் தருகிறேன் என்கிறான். அதற்கு ஒரு கை போதும்.

ஆகவே விடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டாம். தோற்றுப் போனதாக நினைக்க வேண்டாம். களைத்துப் போனேன், அவ்வளவுதான்.

காட்டு ரோட்டில் ஓடும்போது என்னையும் நினையுங்கள்.

கீர்த்தனன்


சன்பரி
21 ஜூன் 2025

கீர்த்தன்,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன. இப்போது என்னுடையது உன் கையில் இருக்கும்.

இந்த முறையும் நான் உன்னிடம் கேட்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து, அதே வேலையை மறுபடியும் செய்திருக்கிறேன். கேட்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய அதே நாளில். வாசித்துவிட்டு நீ சிரித்திருப்பாய், அல்லது கிழித்திருப்பாய்.

வாக்குமூலத்தைத் திருப்பி எடுக்க மாட்டேன், அது நடந்தது. ஆனால் பொலிஸ் உன்னைக் கூப்பிடும்போது நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. குழிதான் என்று நீ திரும்பவும் சொன்னால் நான் பொய்க்காரி ஆவேன். ஆகலாம். உன் மேல் கோபிக்க மாட்டேன். நீ பயந்து சொன்னாயென்று யாரிடமும் விளக்கம் சொல்லவும் மாட்டேன்.

உன் அம்மாவிடம் என்னை மன்னிக்கச் சொல்லாதே.

ராகவி


ஓபர்ன், சிட்னி
30 ஜூலை 2025

ராகவி அக்கா,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிஃபாஸ் வீட்டு முன் அறையில் இருக்கிறோம். அவனுடைய மனைவி சுரையா, என் அம்மாவைக் குசினிக்குள் விட மாட்டேன் என்று சண்டை, அம்மா விடாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று சண்டை.

உங்கள் கடிதம் வந்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியாது. விடுங்கள் என்று நான் எழுதிப் பெட்டிக்குள் போடும்போது நீங்கள் முடித்துவிட்டிருந்தீர்கள். சுவரில் குத்தினேன், நல்ல கையால், மடைத்தனம். பிறகு இரண்டாவது கடிதம் வந்தது. இந்த நாட்டில் எனக்கு என்ன நல்லதென்று ஆளுக்கு ஆள் சொல்லியிருக்கிறார்கள், அதிகாரிகள், அன்ரிமார், நீங்கள். சொல்லப் போவதில்லை என்று ஒருவர் எழுதியதை அன்றைக்குத்தான் வாசித்தேன். அந்த ஒரு வரிக்காகத்தான் மிச்சமும் நடந்தது.

பொலிஸ் கூப்பிட்டார்கள். போனேன். அங்கே இருந்தது என் வயதுப் பெண் ஒருத்தி, சளி பிடித்து மூக்கைச் சீறிக்கொண்டு. வான் இடித்தது என்றேன். முதல் ஏன் குழி என்று சொன்னாய் என்று கேட்டாள். பயம் என்றேன். எதற்குப் பயம் என்றாள். விசா என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அதுக்கும் இதுக்கும் என்ன?" என்ற மாதிரித் தோளைக் குலுக்கிவிட்டு, வான் என்ன நிறம் என்று கேட்டாள். அக்கா, அவள் என் பேப்பரைக் கேட்கவே இல்லை. வெளியே வந்து நிலையத்து மதிலில் இருந்தேன். இரண்டு பஸ்ஸை விட்ட பிறகுதான் எழும்பினேன். எங்களை இவ்வளவு காலம் பயத்தில் வைத்திருந்தது விசா அதிகாரிகள். அந்தப் பயத்தை எடுத்து எங்களுக்கே திரும்பப் பரிமாறினது நாங்கள்.

சிறிதரன் அங்கிள் தனக்கு ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கிறார். லைசன்ஸைத் தற்காலிகமாக எடுத்துவிட்டார்கள். எங்களைப் போகச் சொல்லவில்லை அவர். அம்மாதான் பாத்திரங்களைக் கட்டினா. குடியிருக்கிற வீட்டுக்காரன் மேல் பிராது கொடுத்துவிட்டு அவன் கூரைக்குள் படுக்க மாட்டா. அங்கிள் வாசலில் நின்று, "நாகேஸ்வரி, இருங்கோ," என்றார். அம்மா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டா. அதன் பிறகு என்னோடு பேச்சில்லை. சோறு பிசைந்து வைப்பா, இறைச்சியைச் சிறிதாக வெட்டி வைப்பா, முகம் பார்க்க மாட்டா. கழகத்தில் கனபேர் எங்களைக் கண்டால் ரோட்டைக் கடக்கிறார்கள். துஷாந்த் மட்டும் வந்தான், தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பை தோடம்பழத்தோடு.

காப்புறுதி ஒத்துக்கொண்டது. நாளைக் காலை ஒப்பரேசன். முழங்கை மடங்க ஒரு வருடம் எடுக்கும், மடங்காமலும் போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கைபிடி பிடித்து ஏற்றம் ஏறுவேனா என்று கேட்டேன். தெரியாது என்றார். பொய் சொல்லாததற்கு நன்றி என்றேன்.

உங்கள் தொழில் சபை என்ன முடிவெடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள். நானும் கேட்க வேண்டியவன்தானே.

இன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் அனுமதிப் பேப்பர் நிரப்பப் போனோம். தாதி ஒருத்தி கேள்விகள் கேட்டாள், பெயர், ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்டது. பிறகு இந்தக் காயம் எப்படி வந்தது என்று கேட்டாள். நான் வாய் திறந்தேன். பக்கத்துக் கதிரையில், மூன்று கிழமையாக என்னோடு கதைக்காத அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு முந்தி, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னா:

"வான். வான் ஹிட் மை சன்."

கீர்த்தனன்